துருப்பிடித்த வெர்னியரும் திருவனந்தபுரமும்

சனிக்கிழமை காலை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து முறைக்கும் அளவுக்குப் பின்கட்டில் புல் வளர்ந்து கிடக்கிறது. வெட்ட வேண்டிய ஆள் (வேறு யார், அடியேன்தான்) காப்பியும் கையுமாகப் போனில் உட்கார்ந்திருந்தேன். மறுமுனையில் நாகர்கோவிலிலிருந்து தங்கச்சி.

"அண்ணே, இவனுக்குத் திருவனந்தபுரத்துல சீட் கிடைச்சிருக்கு. கம்ப்யூட்டர் எடுல மக்கான்னு சொன்னா கேக்க மாட்டேங்கான். மெக்கானிக்கல்தான் வேணுமாம். அதுல டிஜிட்டல் மேனுஃபாக்சரிங்னு என்னமோ இருக்காம். நீங்க சொன்னாத்தான் கேப்பான். அதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா?"

மருமகன் போனைப் பிடுங்கினான். "மாமா, ஸ்கிரீன்ல வரைஞ்சுட்டு மட்டும் இருக்கதில்ல மாமா. வரைஞ்சத கையில எடுக்கலாம்."

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு போன் வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் வரும். "மாமா அமெரிக்காவுல இருக்கான், அவனுக்குத் தெரியும்" என்பது ஊரில் உள்ள நம்பிக்கை. மாமாவுக்கு என்ன தெரியும் என்பது மாமாவுக்குத்தான் தெரியும் :-)

ஒரு வாரம் யோசித்ததில் கொசுவத்தி நிறையச் சுற்றிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் தாத்தாவுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். அப்பாவுக்குச் சென்னை. வீடு மட்டும் அதே இடத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதற்கு முன்னால் மேல்படிப்பு, கோர்ட்டு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நாங்கள் மேற்கே பார்த்துத்தான் பஸ் ஏறினோம். எழுபது கிலோமீட்டர்தான். தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியராக இருந்ததும் திருவனந்தபுரத்தில்தான். சாலை பஜாரில் இன்றைக்கும் தமிழிலேயே பேரம் பேசலாம். மாநில எல்லை மாறினாலும் பஸ் மாறவில்லை. 1979-ல் ரயிலும் வந்துவிட்டது.

அந்த ஊரில் பொறியியல் கல்லூரி 1939-ல் தொடங்கியது. சித்திரைத் திருநாள் மகாராஜா, திவானாக சர் சி.பி. ராமசாமி ஐயர். திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1937-ல் வந்தது. இப்போது பி.எம்.ஜி. என்று எல்லோரும் சொல்கிற இடத்தில், தலைமைப் பொறியாளரின் பங்களாவில்தான் வகுப்புகள் ஆரம்பம். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் ஆகிய மூன்று பிரிவுகள். முதல் பிரின்சிபால் மேஜர் மேத்யூமன் என்ற ஆங்கிலேயர். பின்னால்தான் ஸ்ரீகாரியம் பக்கம் குளத்தூர் வளாகத்துக்குப் போனார்கள். சி.பி.யின் அரசியலைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. நான் அதற்குள் போகவில்லை. ஆனால் பள்ளிவாசல் மின்சாரம், ஆலுவாயில் உரத் தொழிற்சாலை, கொச்சுவேளியில் டைட்டானியம் கம்பெனி என்று பத்து வருஷத்துக்குள் அந்தச் சின்ன சமஸ்தானம் தொழில் தொடங்கியதைப் பார்த்தால், ஆள் தயார் செய்ய ஒரு கல்லூரி வேண்டும் என்று ஏன் நினைத்தார்கள் என்பது புரியும். (டைட்டானியம் இருக்கும் கறுப்பு மணல் எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் உண்டு. சின்ன வயதில் அந்த மணலில் காந்தத்தை வைத்து விளையாடியிருக்கிறோம். அதற்கு இவ்வளவு மதிப்பு என்று அப்போது தெரியாது.)

இனி என் மாமா. அம்மாவின் அண்ணன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 1970-ல் தும்பாவில் சேர்ந்தார். பேட்டையில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை இரவு ஊருக்கு வந்து திங்கள் விடிகாலை பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

தும்பா கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட். அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. மீனவர்களின் மேரி மக்தலேனா தேவாலயமும் அதன் பக்கத்து பிஷப் வீடும்தான் ஆபீஸ், பட்டறை எல்லாம். ராக்கெட்டின் முனைப் பகுதியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படத்தை ஆன்றி கார்த்தியே-பிரசோன் 1966-ல் எடுத்தார். இந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் தவறாமல் வரும், கண்ணீர் வரவழைக்கும் வாசகங்களோடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். சைக்கிளைப் பற்றிப் பேசுகிறார்கள், சைக்கிள் மேல் இருந்த சாமானைச் செய்வது எப்படி என்று யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான்கே வருஷத்தில், 1967 நவம்பரில், சொந்தமாகச் செய்த ரோகிணி ராக்கெட் பறந்தது. குறுக்களவு 75 மில்லிமீட்டர்தான், ஒரு பெரிய டார்ச்லைட் போல. ஆனால் அதைச் செய்தவர்கள் லேத்தும் அரமும் பிடிக்கத் தெரிந்தவர்கள்.

மாமா அலுவலக விஷயம் எதையும் வீட்டில் பேச மாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் திண்ணையில் உட்கார வைத்து வெர்னியர் பிடிக்கச் சொல்லித் தந்தார். சொந்தக் காசில் வாங்கிய வெர்னியர், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பார். ஒரு ஆணியை நான் பத்துத் தடவை அளக்க வேண்டும். பத்துத் தடவையும் ஒரே அளவு வராது. "ஆணி மாறல மக்களே, உனக்க கைதான் மாறுது" என்பார். (நாமெல்லாம் ஆபீஸில் பிடுங்குகிற ஆணி வேறு. இது நிஜ ஆணி.)

அதே திருவனந்தபுரத்தில்தான் நானும் மெக்கானிக்கல் படித்தேன். 1992-ல் சேர்ந்தேன். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. முதல் வருஷம் பட்டறையில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவி ஆண்-பெண் பொருத்து செய்யச் சொல்வார்கள். இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும், வெளிச்சம் தெரியக் கூடாது. எனக்கு எப்போதும் வெளிச்சம் தெரிந்தது.

மூன்றாம் வருஷம் சி.என்.சி. பாடம் வந்தது. டிஜிட்டல் மேனுஃபாக்சரிங் என்ற பெயர் அப்போது கிடையாது, கேட்-கேம் என்பார்கள். எங்கள் லேபில் ஒரு சி.என்.சி. பயிற்சி இயந்திரம் இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, அறையைப் பூட்டி, சாவி துறைத் தலைவரின் மேஜையில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கைகட்டிச் சுற்றி நின்று பார்த்தோம். நிரலை ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதினோம். ஜி 00 என்றால் வேகமாக நகரு, ஜி 01 என்றால் வெட்டிக்கொண்டே நேர்கோட்டில் போ, எம் 30 என்றால் முடிந்தது. பரீட்சையில் நல்ல மார்க். அந்த இயந்திரத்தில் ஒரு துண்டுகூட நான் வெட்டியதில்லை. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம் அவர்களுக்கு.

இந்த எண் பாஷையைத் தொடங்கி வைத்த ஆள் நான் இப்போது இருக்கும் மிச்சிகனைச் சேர்ந்தவர் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. ஜான் பார்சன்ஸ், 1913-ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். கல்லூரிப் பட்டம் கிடையாது. வடக்கே டிராவர்ஸ் சிட்டியில் ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளைச் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவைச் சரியாக வெட்டுவதுதான் பிரச்சினை. கையால் வரைந்த வளைவு ஆளுக்கு ஆள் மாறும் (மாமாவின் ஆணி!). அவரும் ஃபிராங்க் ஸ்டூலன் என்ற இன்ஜினியரும் கணக்கு வழக்குக்கு இருந்த ஐ.பி.எம். துளை அட்டை இயந்திரத்தில் வளைவின் புள்ளிகளைக் கணக்கிட்டார்கள். ஒருவர் எண்களைப் படிக்க, இன்னும் இரண்டு பேர் ஆளுக்கொரு கைச்சக்கரத்தைத் திருப்ப, புள்ளி புள்ளியாக வெட்டினார்கள். சக்கரத்தைத் திருப்பும் ஆளுக்குப் பதில் மோட்டாரே அந்த எண்களைப் படித்தால் என்ன? 1949-ல் அமெரிக்க விமானப் படை பணம் கொடுத்தது, எம்.ஐ.டி. உள்ளே வந்தது, 1952-ல் துளையிட்ட காகித நாடாவைப் படித்து ஓடும் மில்லிங் இயந்திரத்தை எம்.ஐ.டி. செய்து காட்டியது. பெயரும் புகழும் பெரும்பாலும் எம்.ஐ.டி.க்குப் போயிற்று. பார்சன்ஸுக்கும் ஸ்டூலனுக்கும் ஜனாதிபதியின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தபோது வருஷம் 1985.

என் கதை அவ்வளவு வீரமானது இல்லை. நான் படித்து முடித்தது 1996-ல். டெக்னோபார்க் 1990-லேயே வந்துவிட்டது. கெல்ட்ரானை வளர்த்த கே.பி.பி. நம்பியார் முன்னின்று கொண்டுவந்தது. நாட்டிலேயே முதல் தொழில்நுட்பப் பூங்கா. சாஃப்ட்வேர் என்று ஒன்று வந்து எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேரை அள்ளிக்கொண்டு போனது. சிவிலும் மெக்கானிக்கலும் கோபால் பாஷை கற்றுக்கொண்டு ஒய்-டூ-கே பூதத்தை ஓட்டக் கிளம்பின. நானும் போனேன். மாமாவிடம் சொல்லப் போனபோது "நல்ல காரியம்" என்றார். வெர்னியரை எடுத்து எனக்குக் கொடுக்க வந்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடி துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த இடத்தில் தங்கச்சியின் கேள்விக்குச் சம்பந்தமான, திருவனந்தபுரத்திலேயே நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் அங்கே படித்த நான்கு வருஷமும் அது என் கண்ணெதிரே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

பூஜப்புரையில் சாட்டல்மண்ட் அரண்மனை என்று ஒன்று. சேது லட்சுமி பாய் மகாராணி இருந்த இடம். அது பிறகு ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையத்தின் ஆராய்ச்சிப் பிரிவாக ஆயிற்று. அந்த நிலையத்தின் இயக்குநர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான், இருதய அறுவை நிபுணர். சின்ன வயதில் வரும் மூட்டுக் காய்ச்சல் இருதய வால்வைக் கெடுத்துவிடும். ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். மாற்று வால்வு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், விலையைக் கேட்டாலே இருதயம் நின்றுவிடும். இங்கேயே செய்வோம் என்று அவர் இறங்கினார்.

ஒரு வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தகடு. பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் இருதயம் வருஷத்துக்குச் சுமார் 3.7 கோடி தடவை துடிக்கும். அத்தனை தடவையும் அது திறந்து மூட வேண்டும், தேயக் கூடாது, உடையக் கூடாது, ரத்தம் அதில் கட்டிக்கொள்ளக் கூடாது. முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒரு மாதிரியில் தகடு செயற்கை நீலக்கல்லால் ஆனது. எவ்வளவு கெட்டி! ஆட்டுக்குப் பொருத்திப் பார்த்தபோது அதுவே உடைந்துபோனது. நான்காவதில் தகட்டுக்குப் பிளாஸ்டிக்கைப் போட்டார்கள். பாலிஎத்திலீன்தான், நம் வீட்டுக் குடத்துக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் மூலக்கூறு ரொம்ப நீளமானது, தேயாது. தாங்கும் கூட்டை கோபால்ட் கலந்த உலோகத்தில் ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்தார்கள். வெல்டிங் கிடையாது. வெல்டிங் இருந்தால் ஒருநாள் விரிசல் விடும் என்ற பயம் கிடையாது.

1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். தயாரிக்க முன்வந்தது சென்னையின் டி.டி.கே. குழுமம், நம் ஊர் சமையலறையில் பிரஷர் குக்கருக்குப் பெயர் போன அதே டி.டி.கே. தான். இன்றுவரை லட்சத்துக்கும் மேற்பட்ட மார்புகளில் அந்த வால்வு போயிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். செய்தியை நான் இங்கே ஆபீஸ் கேன்டீனில் படித்தேன். பக்கத்தில் இருந்த டெட்ராய்ட்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "ஒரே கட்டியிலிருந்தா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவரும் கடைசல்காரர், எது கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

ஒரே துண்டாகச் செய்வது என்றதும் அதே வருஷம் மே 9-ம் தேதி நடந்தது ஞாபகம் வருகிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட இன்ஜினை மகேந்திரகிரியில் 665 விநாடி ஓட்டிப் பார்த்தார்கள். மகேந்திரகிரி நமக்குக் காவல்கிணறு தாண்டினால் வந்துவிடும். அந்த இன்ஜின் திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள திரவ உந்துவிசை மையத்தின் பிள்ளை. பழைய முறையில் 14 பாகங்கள், 19 இடத்தில் வெல்டிங், 565 கிலோ உலோகம். புது முறையில் ஒரே பாகம், வெல்டிங் இல்லை, 13.7 கிலோ உலோகப் பொடி. பொடியை மெல்லிய படலமாகப் பரப்பி, கம்ப்யூட்டர் வரைபடம் சொல்லும் இடத்தில் மட்டும் லேசரால் உருக்கி, அதன்மேல் அடுத்த படலம், அடுத்த படலம். பெங்களூரில் விப்ரோ செய்து கொடுத்தது. தயாரிக்கும் நேரமும் 60 சதவீதம் குறைந்தது. அதே மே மாதம் 30-ம் தேதி சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் கம்பெனியும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, அச்சிட்ட ஒற்றைத் துண்டு இன்ஜினோடு ராக்கெட் விட்டது.

மருமகன் சொல்லும் டிஜிட்டல் மேனுஃபாக்சரிங் இதுதான். வரைபடம், அதைச் சோதிக்கும் கணக்கு, இயந்திரத்துக்கான நிரல், செய்த பொருளை அளந்த அளவு எல்லாம் ஒரே தகவலாக ஓடுவது. அளவில் தப்பு வந்தால் வரைபடத்துக்கே திரும்பிப் போய்த் திருத்துவது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பொண்ணு இங்கே பொது நூலகத்தில் இருக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஒரு பிள்ளையார் செய்தாள். முதல் பிள்ளையாருக்குத் தும்பிக்கை பாதியில் நூல் நூலாகத் தொங்கிவிட்டது. கீழே ஒன்றும் இல்லாமல் அந்தரத்தில் அச்சிட முடியாது, முட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் முட்டுக் கொடுத்தாள், அதைப் பிய்க்கும்போது தும்பிக்கையும் கூடவே வந்துவிட்டது. மூன்றாவது நாள் என்ன செய்தாள் தெரியுமா? பிள்ளையாரை மல்லாக்கப் படுக்க வைத்து அச்சிட்டாள். அது வந்தது. உலோகத்திலும் இதே கதைதான். முட்டை வெட்ட வேண்டும், சூட்டில் வைத்து உள்ளே இருக்கும் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும், பொருந்தும் முகங்களை மறுபடி கடைய வேண்டும், உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று படம் பிடிக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் பொருள் வரும் என்று கல்லூரி விளம்பரத்தில் வேண்டுமானால் போடலாம்.

தங்கச்சி கேட்டது வேலை கிடைக்குமா என்று. 2009-ல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவாலானபோது இந்த ஊரே அடங்கிப் போயிற்று. சின்ன கம்பெனிகள் வரிசையாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. எனக்கும் வேலை போனது. ஏழு மாதம். விசா கவலை வேறு, பொண்ணு கைக்குழந்தை. கடைசியில் எடுத்துக்கொண்டவர் நேர்முகத்தில் கோடிங் கேட்கவில்லை. ஒரு வரைபடத்தை மேஜைமேல் போட்டு, "இந்தத் துவாரத்துக்கு இவ்வளவு நுட்பமான அளவு தேவையா, சொல்" என்றார். இல்லை என்றேன், ஏன் என்றும் சொன்னேன். திண்ணையில் படித்ததுதான். பட்டம் வாங்கிய இடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

ஆகவே மருமகனிடம் சொல்ல என்னிடம் இருந்தது ஒரு கேள்விதான். நேற்று போன் செய்து கேட்டேன். "லேப் சாவி யார்ட்டடே இருக்கு?"

அவனுக்குப் புரியவில்லை. விளக்கினேன். அந்தக் கல்லூரியில் இயந்திரம் இருக்கிறதா என்று கேட்காதே, எல்லாக் கல்லூரியிலும் இருக்கும். போன வருஷம் மூன்றாமாண்டு மாணவர்கள் அதில் எத்தனை துண்டைக் கெடுத்தார்கள் என்று கேள். கெடுக்க விடுகிற இடம் என்றால் சேர். இல்லையென்றாலும் வழி உண்டு. எம்.ஐ.டி.யின் நீல் கெர்ஷன்ஃபெல்ட் தொடங்கிய ஃபேப் லேப் வகைப் பட்டறை அதே டெக்னோபார்க்கில் 2016-ஐ ஒட்டி வந்தது. இந்தியாவுக்கு முதலில் வந்தது 2002-ல், மகாராஷ்டிராவில் பாபல் என்ற கிராமத்துக்கு. எங்கே இயந்திரத்தைத் தொட விடுவார்களோ அங்கே போய் உட்கார்.

அவன் நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தான். மூன்றாமாண்டுப் பையன் ஒருவன் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கெட்டுப்போன பல்சக்கரங்களைக் காட்டினானாம். "பெட்டி நிறைய மாமா!" என்றான். தங்கச்சி பின்னால் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. அவளுக்கு இன்னும் சம்மதம் இல்லை. பிள்ளையை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறாளோ என்னவோ. நான்கு வருஷம் கழித்துத் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மாமா போய் ஆறு வருஷம் ஆகிறது. அத்தையிடம் கேட்டேன், பெட்டி பரணில் அப்படியேதான் இருக்கிறதாம். இறக்கிப் பார்த்தார்கள். எண்ணெய்த் துணி காய்ந்து, வெர்னியரின் நகரும் தாடை துருப்பிடித்து இறுகிவிட்டது. உப்புக்காற்று ஊர், என்ன செய்வது. சுத்தியலால் தட்டாதே, இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறட்டும் என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். ரேஷன் கடையில் இப்போது மண்ணெண்ணெய் கிடைக்கிறதா என்று தங்கச்சி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.